ராணிக்கு யார் பொறுப்பு?

பறக்கும்வரை விமானத்துக்குச் சொந்தம் கொண்டாடப் பலர் உண்டு. ஓய்ந்து நின்றபின் கூரைக்கும் வண்ணப்பூச்சுக்கும் காசு கொடுப்பது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்தியாவில் கொச்சியைவிடத் தகுதியான ஊர் இல்லை.

முதலில் கோவாவைப் பார்ப்போம். அங்கே டாபோலிம் விமான நிலையத்தைத் தாண்டி, போக்மாலோ கடற்கரைக்குப் போகும் சாலையில் இந்தியக் கடற்படையின் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-ல் திறக்கப்பட்டது. அங்கே நிற்கும் ஒரு விமானம் எல்லார் கண்ணையும் இழுத்துவிடும். நான்கு எஞ்சின்கள், நீண்டு வளைந்த உடல், பின்னால் ஒன்றுக்கு மூன்றாக வால் துடுப்புகள். லாக்ஹீட் நிறுவனம் செய்த சூப்பர் கான்ஸ்டலேஷன். இப்போது அதன் மேல் கடற்படை எண்தான் இருக்கிறது: ஐஎன் 315. ஆனால், 1950-களில் அது ஏர் இந்தியாவின் பயணிகள் விமானம். அன்றைக்கு அதன் பெயர் ‘ராணி ஆஃப் எல்லோரா’.

1960-ல் போயிங் 707 ஜெட் வந்தது. பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் காலம் அத்தோடு முடிந்தது. ஏர் இந்தியா கைவிட்ட கான்ஸ்டலேஷன்கள் சில விமானப்படைக்குப் போயின. 1976-ல் கடற்படை அவற்றை வாங்கிக்கொண்டு, கடலைக் கண்காணிக்கும் 312-வது படைப்பிரிவை உருவாக்கியது. 1980-களில் அங்கும் அவற்றுக்கு ஓய்வு. 1988-ல் அதே பிரிவு சோவியத் ஒன்றியத்தின் டியு-142 விமானங்களைப் பெற்று, 1992-ல் நம் அரக்கோணத்துக்குக் குடிபெயர்ந்தது.

ராணி இன்று நம் கண்முன் நிற்கிறாள் என்றால், அதற்குக் காரணம் அவளை வைத்துப் பயணிகளை ஏற்றிச் சம்பாதித்த நிறுவனம் அல்ல. கடைசியாக வைத்திருந்த கடற்படை. படைகளுக்குச் சொந்த நிலம் உண்டு, பராமரிக்க ஆள் உண்டு, ஆண்டுதோறும் பட்ஜெட் உண்டு, தன் வரலாற்றை மதிக்கும் பழக்கமும் உண்டு. பயணிகள் விமானங்களுக்கு இந்த நான்கும் வாய்ப்பதில்லை. அதனால்தான் நம் அருங்காட்சியகங்களில் போர் விமானங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நம் குடும்பங்களைச் சுமந்து சென்ற விமானங்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

ஜம்போவுக்கு நடந்ததைப் பாருங்கள். 1971-ல் ‘எம்பரர் அசோகா’ என்ற ஏர் இந்தியாவின் முதல் போயிங் 747 வந்தபோது அது நாட்டின் பெருமை. பின்னால் வந்த பலவற்றுக்கும் பேரரசர்களின் பெயர்களே. ராஜேந்திர சோழன் பெயரிலும் ஒன்று பறந்தது. வளைகுடாவுக்குப் பிழைக்கப்போன தலைமுறைக்கு அந்த மாடி விமானம் ஒரு கனவு. கோழிக்கோட்டிலிருந்து ஜெட்டாவுக்குக்கூட 747 பறந்திருக்கிறது. கடைசியாக மிஞ்சிய நான்கையும் ஏர்சேல் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றார்கள். 2024 ஏப்ரல் 22 அன்று மும்பையிலிருந்து கிளம்பிய ஒன்று, இறக்கைகளை இப்படியும் அப்படியும் சாய்த்து விடைபெற்றுப் போனது. அந்தக் காட்சியை நாடே கைப்பேசியில் பார்த்துக் கண்கலங்கியது. நான்கில் ஒன்றையாவது நிறுத்தி வைக்க எந்த அருங்காட்சியகத்துக்கும் வழி இருக்கவில்லை. அதே ஏர் இந்தியா சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான ஓவியங்களும் சிற்பங்களும் தேசிய நவீன கலைக்கூடத்தின் பொறுப்புக்குப் போயின. ஓவியத்துக்கு ஒரு வீடு ஏற்கெனவே இருந்தது. விமானத்துக்கு இல்லை.

வாங்குவது எளிது, வைத்திருப்பதுதான் பாடு

கேரளத்தில் கோயிலுக்கு யானையை ‘நடையிருத்துவது’ என்றொரு வழக்கம் உண்டு. காணிக்கை செலுத்துபவர் யானையைக் கொண்டுவந்து விட்டுவிடுவார். அதற்குப் பிறகு பனையோலைக்கும் பாகனுக்கும் மருத்துவருக்கும் பல பத்தாண்டுகள் செலவு செய்வது தேவஸ்வம்தான். ஓய்வுபெற்ற விமானத்தை அருங்காட்சியகத்துக்கு இனாமாகக் கொடுப்பதும் இதேதான்.

ஏன் இத்தனை செலவு? விமானத்தின் உடல் அலுமினியக் கலவைத் தகடு. பறக்கிற காலத்தில் அதைக் கழுவி, துடைத்து, பூச்சு பார்த்து, பிரித்துச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். நின்றுவிட்டால் எல்லாம் நின்றுபோகும். கடற்காற்றில் முதலில் ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு பூச்சுக்கு அடியில் தகடு அடுக்கடுக்காக உப்பிப் பிரியும். தண்ணீர் வடிய வேண்டிய துளைகளைக் குருவிக்கூடும் தூசியும் அடைத்துக்கொள்ளும். ஜன்னல் ஓர ரப்பர் வெயிலில் வெடிக்க, மழை உள்ளே இறங்கும்; இருக்கைத் துணியும் தரைவிரிப்பும் பூஞ்சை பிடித்து நாறும். டயர்கள் செத்துப்போகும் என்பதால் எடையை இரும்புத் தாங்கிகளில் ஏற்ற வேண்டும். பழைய விமானங்களில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய கருவி முகப்புகள் இருக்கலாம். ஆரம்பகால ஜம்போக்களில் எடையைச் சமன்செய்ய யுரேனியக் கட்டிகள்கூட வைத்திருந்தார்கள். இவற்றையெல்லாம் தெரிந்தவர் கையால் அகற்றிய பிறகே பள்ளிக்கூடப் பிள்ளைகளை உள்ளே விட முடியும்.

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. போதாததற்கு உப்புக்காற்று. இந்த ஊரில் வெட்டவெளியில் ஒரு விமானத்தை நிறுத்துவது, அதை மெதுவாகக் கொல்வதற்குச் சமம். ஆகவே முதல் செலவு விமானம் அல்ல, கூரை. இதை ஆஸ்திரேலியாவில் லாங்ரீச் என்ற சின்ன ஊர் புரிந்துகொண்டது. அங்குள்ள குவான்டாஸ் நிறுவனர்கள் அருங்காட்சியகத்தில் ஒரு 747-ம், ஒரு 707-ம், ஒரு சூப்பர் கான்ஸ்டலேஷனும் இருக்கின்றன. அவற்றின் மேல் பிரம்மாண்டமான கூரை எழுப்ப மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்தன. 2020-ல் கூரை முடிந்தது.

நம் ஊரில் கூரைக்கு முந்தைய கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறோம். 2025 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. கொல்கத்தா விமான நிலையத்தின் மூலையில் 2012-லிருந்து ஒரு போயிங் 737-200 நின்றுகொண்டிருந்தது. கைமாறிய கணக்கு வழக்குகளில் அது தன்னுடையது என்பதையே ஏர் இந்தியா மறந்துவிட்டிருந்தது. நிலையம் நினைவூட்டிய பிறகு, ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் நிறுத்தக் கட்டணத்தோடு கணக்கு முடிந்து, அது தொழில்நுட்பப் பயிற்சிக்காக பெங்களூருவுக்கு லாரியில் போனது. அந்த ஒரு கோடியில் ஒரு சின்னக் கொட்டகை எழுப்பியிருக்கலாம்.

2022 நவம்பரில் இன்னொன்று. கேரளத்திலிருந்து இறக்கை கழற்றிய பழைய ஏர்பஸ் ஏ320 ஒன்று ட்ரெய்லரில் ஹைதராபாத்துக்குப் புறப்பட்டது. ஆந்திராவின் பாபட்லா மாவட்டத்தில் பாலத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டு போக்குவரத்தே ஸ்தம்பித்தது. அருங்காட்சியகத்துக்கா போனது? இல்லை, உணவகமாக மாறுவதற்கு. உணவகத்தைக் குறைசொல்லவில்லை, அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை என்பதே வருத்தம். மற்றபடி காயலான் கடைதான் கதி.

ஆதரித்த கை விலகினால்

யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு உலகம் மிகக் கசப்பான ஒரு பாடத்தை 2006-ல் கற்றது. இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டு விமானப்படை அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பழைய விமானங்களைக் காட்சிக்கு வைத்திருந்தது. விசி-10, டிரைடென்ட், போயிங் 707, வைகவுன்ட் என்று அந்த நாட்டின் வான் பயண வரலாறே அங்கே இருந்தது. பராமரிப்புக்கு நிறுவனம் பணம் கொடுத்துவந்தது. ஒருநாள் நிறுத்திக்கொண்டது. வெளியில் நின்ற விமானங்களின் செலவைத் தனியாகச் சுமக்க அருங்காட்சியகத்தால் முடியவில்லை. வைகவுன்ட் ஸ்காட்லாந்துக்குத் தப்பியது. விசி-10-ஐயும் 707-ஐயும் டிரைடென்ட்டையும் அங்கேயே உடைத்தார்கள். முன்பாகங்களைப் போல ஒன்றிரண்டு துண்டுகள்தான் வேறு அருங்காட்சியகங்களுக்குக் கிடைத்தன. அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்ற நம்பிக்கை அன்றோடு உடைந்தது.

நமக்கும் அப்படி ஒரு காயம் இருக்கிறது. அதன் மறுபாதி கொச்சியில் இருக்கிறது. 1997-ல் ஓய்வுபெற்ற விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், 2001 முதல் 2012 வரை மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. அரசு மாறி மாறி அறிவித்தது, முதலீட்டாளரைத் தேடியது, யாரும் வரவில்லை. 2014-ல் 60 கோடி ரூபாய்க்கு உடைப்பதற்கு விற்றார்கள். 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சி கப்பல் கட்டும் தளத்தில், சுமார் 20,000 கோடி ரூபாயில் உருவான புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. அதே பெயரைச் சூட்டிப் பெருமைப்பட்டோம். பெயர் இருந்த பழைய இரும்பைக் காக்க ஒரு சிறு பங்கு ஒதுக்க மனம் வரவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அரக்கோணத்திலிருந்து 2017-ல் விடைபெற்ற டியு-142 ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. கடற்படை விமானத்தைக் கொடுத்தது. ஊரின் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் சுமார் 14 கோடி ரூபாய் செலவழித்தது. சுற்றுலாப் பயணிகளின் டிக்கெட் பணம் ஓடவைக்கிறது. 2018-ல் விமானப்படைக்கு வந்து சேர்ந்த ‘பரசுராமா’ என்ற டகோட்டா இன்னொரு வழி. காயலான் கடைக்குப் போகவிருந்ததை அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, தன் செலவில் பிரிட்டனில் புதுப்பித்துப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய தந்தை விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். இப்படி ஒரு பிள்ளை எல்லா விமானத்துக்கும் கிடைப்பதில்லை. வள்ளல்களை நம்பி ஒரு கொள்கையை வகுக்க முடியாது.

மட்டாஞ்சேரியில் நின்று பார்த்தால்

மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்றால் எதிரே வில்லிங்டன் தீவு. துறைமுகத்துக்காகக் கடலை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவு. அங்கே 1930-களில் உண்டான ஓடுதளம்தான் இன்றைய ஐஎன்எஸ் கருடா. 1953 மே 11 அன்று இந்தியக் கடற்படையின் முதல் விமானத் தளமாக அது தொடங்கியது. நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சீலேண்ட் விமானங்கள்தான் அதன் முதல் பிள்ளைகள். அவற்றில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் கொச்சிக்காரர் இன்று கோவா போக வேண்டும்.

1999 வரை பயணிகள் விமானங்களும் அங்கேதான் இறங்கின. 2018 பெருவெள்ளத்தில் கொச்சியின் இன்றைய விமான நிலையமான நெடும்பாசேரி மூழ்கியபோது, கடற்படை அந்தப் பழைய ஓடுதளத்தைத் திறந்துவிட, சின்ன ஏடிஆர் விமானங்கள் மறுபடியும் தீவில் இறங்கின. இந்த ஊரின் வான் வரலாறு தரையில் பதிந்திருக்கிறது. காட்டுவதற்கு ஒரு விமானம்தான் இல்லை.

பழையதை யார் செலவில் காப்பது என்பதை மட்டாஞ்சேரி வெகுநாளாகப் பார்த்துவருகிறது. ராமாயண ஓவியங்கள் நிறைந்த மட்டாஞ்சேரி அரண்மனை, தொல்லியல் துறையின் பொறுப்பு, அதாவது வரிப்பணம். கூப்பிடு தூரத்தில், 1568-ல் எழுந்த பரதேசி யூத ஜெப ஆலயம். தொழ வருபவர்கள் அருகிவிட்ட நிலையிலும், பார்க்க வருபவர்களின் கட்டணத்தோடும் வெளிநாட்டு அறக்கட்டளைகளின் உதவியோடும் அது நிற்கிறது. அதன் மணிக்கூண்டைச் சீரமைக்க உலக நினைவுச்சின்ன நிதியம் கைகொடுத்தது. மிளகும் இஞ்சியும் அடைந்திருந்த பழைய கிடங்குகளுக்கு 2012 முதல் பினாலே கலைவிழா உயிர் கொடுத்தது. அரசும் புரவலர்களும் சேர்ந்த பணம் அது. மூன்று இடத்திலும் யார் பொறுப்பு என்பதில் குழப்பம் இல்லை. கட்டடம் நிற்பது அதனால்தான்.

நெடும்பாசேரி விமான நிலையத்தின் கதையும் பணத்தின் கதைதான். தீவின் ஓடுதளத்தைப் பெரிதாக்க வழியில்லை என்று ஆனதும், எர்ணாகுளம் ஆட்சியராக இருந்த வி.ஜே. குரியன் புது விமான நிலையத்துக்கு முயன்றார். முதலில் ஒரு சங்கம் அமைத்து வெளிநாட்டு மலையாளிகளிடம் பணம் கேட்டார்கள். வந்த தொகை தேவைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 1994-ல் அதையே நிறுவனமாக்கிப் பங்கு கொடுத்த பிறகு காரியம் நகர்ந்தது. சுமார் 30 நாடுகளில் இருந்த 10,000-க்கும் மேற்பட்டோர் பணம் போட்டார்கள். வளைகுடா வெயிலில் உழைத்தவர்களின் காசும் அதில் உண்டு. 1999-ல் விமான நிலையம் திறந்தது. இன்று அந்த நிறுவனத்தின் தலைவர் நாற்காலியில் கேரள முதலமைச்சர் இருக்கிறார். 2023-24-ல் வருவாய் 1,000 கோடியைத் தாண்டியது. லாபம் 412 கோடி. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பயணிகள்.

ஆகவே கொச்சி காக்க வேண்டிய விமானம் போர் விமானம் அல்ல. அந்தப் பணத்தைச் சம்பாதிக்க ஆட்களைச் சுமந்துபோன விமானம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005-ல் கேரளத்திலிருந்து வளைகுடாவுக்குப் பறக்கத் தொடங்கியது. பல ஆண்டுகள் அதன் தலைமையகமே கொச்சிதான். அதன் போயிங் 737-800 ஒவ்வொன்றின் வாலிலும் ஒவ்வொரு இந்திய ஓவியம் இருந்தது. பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு முதல்முறை துபாய் போனவனும், ஐந்து வருடம் கழித்துப் பிள்ளையின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கத் திரும்பியவனும் அந்த வால்களின் கீழேதான் நடந்தார்கள். தென்தமிழகத்து இளைஞர்கள் எத்தனையோ பேர் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஏறியது அதே விமானங்களில்தான். அவற்றில் மூத்தவை ஏறத்தாழ 20 வயதைத் தொட்டுவிட்டன. புது வண்ணம் வந்து பழைய ஓவியங்கள் மறைந்துவருகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் எஞ்சினும் சக்கரத் தொகுதியும் கழற்றி விற்கப்படும்; மிச்ச உடல் எடைக்கு எடை போகும். கேட்க வேண்டிய நேரம் இது.

என் கணக்கு இதுதான். எஞ்சின்தான் விலைமதிப்புள்ளது, அதை உரிமையாளர் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால், விமானத்தைக் கடைசிப் பயணமாக நெடும்பாசேரிக்கே பறந்து வரவைத்து, எஞ்சினைக் கழற்றிய பிறகு உடலுக்கு அங்கேயே ஓய்வு கொடுக்க வேண்டும். சாலையில் இழுத்துப் பாலத்தடியில் சிக்கும் பிரச்சினை இல்லை. இடமும் கூரையும் விமான நிலைய நிறுவனம் கொடுக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழித்தாக வேண்டும். தேசிய பாரம்பரியத்தையும் கலையையும் பண்பாட்டையும் காப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. சராசரி லாபம் 400 கோடி என்றால் அது ஆண்டுக்கு 8 கோடி. கூரைக்கு அதில் ஒரு பகுதி போதும். பராமரிப்புக்கு, ஒரு பயணியிடம் ஒரே ஒரு ரூபாய். ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய், நின்றுபோகாத ஒரு கோடி. அதைத் தனிக் கணக்கில் வைத்து, வேறு எதற்கும் தொடக்கூடாது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பறக்கும் காலத்திலேயே சேராத பணம், நின்ற பிறகு ஒருநாளும் சேராது; காஸ்ஃபோர்டிலும் மும்பையிலும் நடந்தது அதுதான்.

உலோக அரிப்பைத் தடுக்கும் கைவேலை கருடா தளத்தின் தொழில்நுட்பர்களுக்குத் தெரியும். ஆண்டுக்கொருமுறை அவர்கள் வந்து பார்த்தால் போதும். முழு விமானம் முடியாது என்றாலும் விமானியறையையும் ஓவியம் தீட்டிய ஒரு வாலையும் மட்டாஞ்சேரியின் காலிக் கிடங்கு ஒன்றில் வைக்கலாம். சந்துகளுக்குள் விமானம் நுழையாது, துண்டுகள் நுழையும்.

ஆஸ்பத்திரியில் மருந்தில்லாத நாட்டில் இதற்கெல்லாம் காசா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மாநில கஜானாவிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது என்பதுதான் என் பதிலும். விமானத்தால் பிழைத்தவர்கள் விமானத்துக்குக் கொடுக்கட்டும்: நிலையம், நிறுவனம், பயணி. படமும் காணொளியும் போதாதா என்பது அடுத்த கேள்வி. போதாது. நடு இருக்கையில் முழங்கால் இடிக்க நான்கு மணிநேரம் உட்கார்ந்து பாலைவனத்துக்குப் போன அப்பாவின் பயணம், அந்த இருக்கையில் அமர்ந்து பார்த்தால்தான் பேரனுக்குப் புரியும்.

கொச்சி விமான நிலையத்தின் பங்கு வைத்திருக்கும் வாசகர் யாராவது இதைப் படிக்கலாம். உங்களுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேச உரிமை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: பழைய வால் ஓவியத்தோடு மிஞ்சியிருக்கும் 737 ஒன்றை நமக்கென்று ஒதுக்கித் தரும்படி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு நிறுவனம் கடிதம் எழுதிவிட்டதா? எழுதவில்லை என்றால், அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவாருங்கள்.